வீட்டிற்கும் வேண்டும் ஒரு கணக்கேடு



மனிதனுக்கு அவனுடைய இல்லத்தை அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்திருப்பதை அல்லாஹுத் தஆலா தன் அருட்கொடைகளுள் ஒன்றாகத் திருமறையின் ‘நஹ்ல்’ அத்தியாயத்தில் (16:80) எடுத்துக் காட்டுகின்றான். அந்த அமைதி நம் இல்லங்களில் உள்ளதா என்பது, வைகாசி மாதத்து இரவொன்றில் இஷாத் தொழுகையை முடித்து வந்து மாடியறையில் படுத்துப் பார்த்தால் விளங்கும். கதிரவன் மறைந்து வெகுநேரம் ஆகியிருக்கும். காரைக்குடித் தெருவில் இளங்காற்றும் வீசத் தொடங்கியிருக்கும். அறைக்குள்ளோ, தலைக்கு மேலிருக்கும் காங்கிரீட் தளம் ரொட்டி சுட்டு இறக்கிய கல்லைப் போலக் கனன்றுகொண்டிருக்கும். மின்விசிறி அந்த அனலையே அள்ளி நம்மீது இறைக்கும். கைக்குழந்தை உறங்காமல் அழும். வயோதிகத் தாயார் முந்தானையை நனைத்து நெஞ்சில் போட்டுக்கொள்வார்கள். மின்சாரமும் நின்றுவிட்ட இரவாயின் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு நம் வீடுகளில் அறியப்பட்ட பரிகாரம் ஒன்றுதான். வளைகுடாவிலோ மலேசியாவிலோ உழைக்கும் மகனுக்குத் தொலைபேசியில் சொல்வார்கள், அவர் பணம் அனுப்புவார், ஏ.சி. இயந்திரம் வந்து சுவரில் ஏறும். பிறகு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டும் நாளில் ‘யார் இவ்வளவு ஓட்டியது’ என்று வீட்டிற்குள் ஒரு வழக்கு நடக்கும். ஏ.சி. வைப்பதைப் பழிப்பது என் நோக்கமன்று. முதியோரும் நோயாளிகளும் உள்ள வீட்டில் இன்றைய வெயிலுக்கு அது உயிர்காக்கும் சாதனமாகவும் ஆகிவிடுகின்றது. ஆயினும் கூரையைச் சுட்டெரிய விட்டுவிட்டு அதன்கீழே குளிரூட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதற்கு ஒப்பாகும். ஓட்டையை அடைத்த பிறகு குடம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று பார்ப்பதே அறிவுடைமை.

கட்டி முடித்து நாம் குடியிருந்து வரும் வீட்டையே, குறைந்த மின்சாரத்தில் அதிகக் குளுமை தரும்படித் திருத்தியமைக்க இயலும். உலகெங்கும் இதற்கென்று தனித்துறையே வளர்ந்திருக்கின்றது. நமக்கு அதன் நுட்பங்கள் அனைத்தும் வேண்டியதில்லை. ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் வீட்டை அளந்து எழுதுவது, வேலைகளை முறைப்படி வரிசைப்படுத்துவது, செய்து முடித்த பின் என்ன பயன் கிடைத்தது என்பதை மறைக்காமல் எழுதி வைப்பது ஆகியவை இருந்தால் போதும். இவ்வெழுத்து இல்லாமையால்தான் நம்மவர்களின் பணம் பெருமளவில் வீணாகின்றது என்பது என் கருத்து.

நாம் வாழும் பகுதியே இக்கலைக்கு ஒரு பள்ளிக்கூடம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவியுள்ள செட்டிநாடு, 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வீடுகளைக் காண வருவோர் பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவின் வேலைப்பாட்டையும் படம் பிடித்துச் செல்கின்றார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. சித்திரை மாத நண்பகலில், மின்விசிறி இல்லாமலே அவ்வீட்டின் வளவுத் தாழ்வாரத்தில் ஒருவர் உட்கார முடிகின்றது. இது எப்படி?

சுவர் கனமானது, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. வெளிப்புறத்து வெப்பம் அதனூடே மெல்ல மெல்ல ஊர்ந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த வெண்மையான சுண்ணாம்புப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். கூரையில் நாட்டு ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் இடையே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். சூடான காற்று இலேசானது ஆகையால் முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து அதே முற்றத்தில் இறங்கித் தங்கும். காலுக்குக் கீழே ஆத்தங்குடித் தளக்கல் குளிர்ந்து கிடக்கும். ஒரு யூனிட் மின்சாரமும் செலவழியாத ஏற்பாடு இது!

நம்மவர்களின் பழைய வீடுகள் பலவற்றிலும் முற்றம் உண்டு. கோஷா பேணிய பெண்மக்கள் வெளியே செல்லாமலே வானத்தையும் காற்றையும் அடைந்தது அதன் வழியாகத்தான். இன்று அம்முற்றங்களுக்கு என்ன நேர்ந்திருக்கின்றது? திருடருக்கும் குரங்குக்கும் அஞ்சி முதலில் கம்பி போட்டார்கள். பிறகு மழைச்சாரலுக்கு அஞ்சிக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டால் மூடினார்கள். வெயில் உள்ளே வரும்; வெந்த காற்று வெளியே போகாது. வீட்டின் நடுவே ஓர் அடுப்பு வைத்தாற்போல் ஆயிற்று. தகட்டைப் பிரித்தெறிய மனமில்லாதவர்கள், அதை முற்றத்துச் சுவருக்கு மேல் ஒன்றரை அடியேனும் உயர்த்தி, நான்கு பக்கமும் காற்று போக விட்டு, மேலே வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம். கொத்தனாருக்கும் இரும்பு வேலை செய்பவருக்கும் இரண்டு நாள் வேலை; பயனோ அன்று மாலையே தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்கின்றது என்று அதன்மேல் சிமெண்டு பூசுகின்றவர்கள் பலர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டு மூச்சு விடும் இயல்புடையது. சிமெண்டு அந்த மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து.

முதலில் ஏடும் எழுதுகோலும்

திருமறையிலேயே மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: ‘பகரா’ அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையலாகாது என்ற கருத்தும் அதில் வருகின்றது. கடனுக்கென அருளப்பட்ட அவ்வொழுங்கை வீட்டின் வரவு செலவுக்கும் கைக்கொள்வதில் நன்மையேயன்றித் தீமையில்லை. மேலும், நாம் வாழ்வது பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பெயர் பெற்ற வணிகர்களின் நாட்டில் அல்லவா!

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். முதற் பக்கத்தில் சென்ற ஓராண்டின் மின்கணக்கை எழுதுங்கள். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அளவெடுப்பதால் ஆறு எண்கள் கிடைக்கும். கணக்கீட்டாளர் எழுதிச் சென்ற அட்டையிலோ, கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியிலோ அவை இருக்கும். ரூபாயை மட்டும் எழுதினால் பயனில்லை, யூனிட்டை எழுதுங்கள். கட்டண விகிதம் மாறும், யூனிட் மாறாது. அந்த ஆறு எண்களை உற்றுப் பார்த்தாலே வீட்டின் நோய் தெரிந்துவிடும். மார்கழி–தையில் 300 யூனிட்டாக இருந்தது சித்திரை–வைகாசியில் 700 ஆகின்றதென்றால், இடையிலுள்ள 400 யூனிட் வெப்பத்தை விரட்டுவதற்காகவே செலவழிகின்றது என்று பொருள்.

அடுத்த பக்கத்தில் வீட்டிலுள்ள சாதனங்கள். ஒவ்வொன்றும் எத்தனை வாட், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகின்றது என்று குறியுங்கள். இரண்டையும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் ஒரு நாளைய யூனிட் வந்துவிடும். (குளிர்பதனப் பெட்டி விட்டுவிட்டு ஓடுவதாகையால் அதற்கு இக்கணக்கு ஒத்துவராது, அதன்மீது ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள்.) மூன்றாவது பக்கம் வெப்பம். சிறியதொரு வெப்பமானியை வாங்கி, ஒரு வாரத்திற்கு அறை அறையாக மாட்டி, ளுஹர் தொழுகைக்குப் பின் ஒருமுறையும் இஷாவுக்குப் பின் ஒருமுறையும் பார்த்து எழுதுங்கள். எந்தச் சுவரில் மாலை வெயில் விழுகின்றது, எந்த அறையின் மேலே திறந்த மொட்டை மாடி இருக்கின்றது, மாடி எத்தனை சதுர அடி என்பனவும் அதே பக்கத்தில் இடம்பெறட்டும்.

இந்த ஏட்டை எழுதத் தகுதியானவர் வீட்டுத் தலைவியே என்பேன். ஆடவர் கடையிலும் அலுவலகத்திலும் பகலைக் கழிப்பவர். எந்த அறை எந்நேரம் கொதிக்கும் என்பதை அறிந்தவர் அடுப்படியில் நிற்பவர்தாம். கொத்தனாரிடம் பேசும்போதும் அவருடைய சொல்லே முதலில் கேட்கப்பட வேண்டும்.

கூரைதான் தொடக்கம்

நம் பகுதியின் புதிய வீடுகளில் கூரை என்பது நான்கு அல்லது ஐந்து அங்குலக் காங்கிரீட். பகல் முழுவதும் செங்குத்தான வெயிலை வாங்கிக்கொண்டு, மேற்பரப்பு 60 டிகிரியையும் எட்டும். வாங்கிய வெப்பத்தை அது இரவில் கீழே இறக்கும். மாடியறையில் இரவு பத்து மணிக்கு நாம் படும் வேதனை நண்பகல் வெயிலின் பாக்கியே ஆகும். 2018ஆம் ஆண்டில் மத்திய மின்சார அமைச்சகம் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் பெயரில் குடியிருப்புக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் கூரைக்கென்று தனி வரம்பு உண்டு: உள்ளும் புறமும் 1 டிகிரி வேறுபாடு இருக்கையில், ஒரு சதுர மீட்டர் கூரை வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது. மேலே ஒன்றும் போடாத வெறுங்காங்கிரீட்டில் கடப்பதோ ஏறத்தாழ அதைப்போல் மூன்று மடங்கு.

மருந்துகள் பலவுண்டு. எல்லாவற்றிலும் எளியது வெள்ளையடிப்பது. தரமான சுண்ணாம்பைக் குழைத்து, பிடிப்புக்குப் பசை சேர்த்து, மொட்டை மாடியில் இரண்டு மூன்று கை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் குறை. இதற்கென்றே விற்கும் வெண்பூச்சு சில ஆண்டுகள் தாங்கும். வெள்ளைத் தளக்கல் பதித்தால் அதனினும் நெடுங்காலம் நிற்கும். பழைய கொத்தனார்கள் போட்டு வந்த செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளமும் அதன்மேல் தட்டோடும் இன்றும் மட்டமானவை அல்ல. அவை வெயிலைத் திருப்புவதைவிட வெப்பம் இறங்குவதைத் தாமதப்படுத்தும். இரண்டையும் சேர்த்து, தட்டோட்டின் மேல் வெண்பூச்சு அடிப்பவர்களும் உண்டு.

இது ஏழையின் சமாதானம் என்று எண்ணிவிடாதீர்கள். அகமதாபாத் மாநகராட்சி 2013ஆம் ஆண்டில் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்து, 2017 முதல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணியையும் அதில் சேர்த்தது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் இதற்கென்று ஐந்தாண்டுக் கொள்கையையே அறிவித்தது. வெண்பூச்சினால் அறையின் வெப்பம் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறையக் காண்கின்றார்கள். இரண்டு டிகிரி என்றால் அற்பமாகத் தோன்றலாம், ஏ.சி. ஓடும் அறையில் அதன் மதிப்பைப் பின்னால் சொல்கின்றேன்.

வரம்புகளையும் அறிந்திருக்க வேண்டும். கூரைக்கு நேர் கீழேயுள்ள தளத்திற்குத்தான் இதனால் பயன். இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவர் பெரிதாக ஒன்றும் உணரமாட்டார். தூசு படிந்தால் வெண்மை குறையும். ஆதலால் கோடைக்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும். வெடிப்பும் கசிவும் இருந்தால் அவற்றை அடைத்து, மழைநீர்க் குழாயைச் சீர்செய்த பின்னரே பூச்சு. மாசியிலோ பங்குனியிலோ தளம் நன்கு காய்ந்திருக்கும்போது செய்து முடித்துவிட்டால் கோடைக்கும் உதவும், ஐப்பசி மழைக்கும் உதவும். மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மச்சுத் தளமாயின், அதன்மேல் ஜல்லியும் கல்லும் ஏற்றிப் பாரத்தைக் கூட்டாதீர்கள்; சட்டத்தின் முனைகள் சுவருக்குள் உளுத்திருக்கின்றனவா என்று தேர்ந்த தச்சரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தளத்தின் கண்கூச்சம் பக்கத்து வீட்டு மாடிச் சன்னலில் அடிக்குமாயின், கைப்பிடிச் சுவரை அரையடி உயர்த்துவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை.

கூரைக்கு அடுத்தது சன்னல். நம் வீடுகளில் தெருப்பக்கச் சன்னல்கள் பெரும்பாலும் சாத்தியே கிடக்கின்றன. பெண்மக்களின் திரையைப் பேணுவதற்காக அவ்வாறு செய்கின்றோம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் திரைக்கும் காற்றுக்கும் பகையில்லை. முற்காலத்தில் அரபு நாடுகளில் மரச்சல்லடை பதித்த மாடங்களை அமைத்தார்கள். உள்ளிருப்பவர் வெளியே தெரியமாட்டார், காற்று மட்டும் வரும். நம் வீடுகளில் மேலே, கூரையை ஒட்டி ஒரு காற்றுத்துளைச் சாளரம் வைத்தாலே வெந்த காற்று வெளியேற வழி பிறக்கும். கீழ்ச் சன்னலுக்குச் சல்லடைப் பலகை போடலாம். இரவில் திறந்து, வெயில் ஏறியதும் மூடிவிடுங்கள். மேற்குச் சன்னலுக்கு உள்ளே தொங்கவிடும் திரைச்சீலை கண்ணுக்குத்தான் நிழல். கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே வந்து சேர்ந்ததுதான். வெளிப்புறத்தில் ஒரு மூங்கில் தட்டி கட்டினால் வெயில் வாசலிலேயே நின்றுவிடும்.

விசிறிக்கு வருவோம். பழைய வகை மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று கடைகளில் கேட்டால் தரும் புதுவகை விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தந்துவிடும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றை மாற்றினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். நான்கு விசிறிகளுக்கு 172 யூனிட். இரண்டு மாதத்தில் 620 யூனிட் செலவழித்த வீடு 448க்கு இறங்கிவிடும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. 2024 ஜூலையில் வந்த கட்டண அட்டவணையின்படி, 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு அதற்கு மேற்பட்ட யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல் ஆவதோடு, கீழ்ப்படியில் கிடைத்து வந்த சலுகையிலும் ஒரு பகுதி கைவிட்டுப் போய்விடும். ஆகவே எந்தப் படியின் விளிம்பில் உங்கள் வீடு நிற்கின்றது என்பதை உங்கள் சீட்டில் உள்ள விகிதத்தைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் மின்விசிறிக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கின்றது. கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட அச்சீட்டைப் படிப்பது மேல். ஆளில்லா அறையில் விசிறி ஓடுவதால் அறை குளிர்வதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். விசிறி மேனியின் வியர்வையை ஆற்றுமேயன்றிச் சுவரை ஆற்றாது.

குண்டு பல்பும் சோக் வைத்த குழல் விளக்கும் இன்னும் எங்கேனும் எஞ்சியிருந்தால் எல்.இ.டி.க்கு மாற்றிவிடுங்கள். இதில் விரித்துரைக்க ஒன்றுமில்லை.

தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஒரு சொல். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1 யூனிட். தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடுவது நீரும் மின்சாரமும் ஒருங்கே ஓடுவதாகும். உளூச் செய்துகொண்டிருந்த ஸஅது (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள், ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று எச்சரித்த செய்தி இப்னு மாஜாவில் பதிவாகியிருக்கின்றது. ஆறில்லாத காரைக்குடியில், ஆழ்துளையிலிருந்து மின்சாரம் செலவழித்து ஏற்றிய நீருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

இவ்வளவுக்கும் பின்னர்தான் ஏ.சி. இயந்திரத்தின் முறை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டுடன் விற்பனையாகும் இயந்திரங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று பி.இ.இ. எனச் சுருக்கமாக வழங்கும் எரிசக்தித் திறன் பணியகம் கணித்திருக்கின்றது. கூரையைத் திருத்திய வீட்டில் 18இல் வைத்தவர் 26இல் வைத்து, மெல்ல ஒரு விசிறியையும் ஓடவிட்டு நிம்மதியாக உறங்குவார். ஒன்றரை டன் இயந்திரம் என்று நினைத்துச் சென்றவருக்கு ஒரு டன்னே போதுமானதாகவும் ஆகலாம்.

சூரிய மின்தகடும் வட்டிக் கடனும்

‘மாடியில் சோலார் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது, எதற்கு இத்தனை கணக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆகக்கூடி 78,000 ரூபாய் மானியமாக அறிவிக்கப்பட்டது. நம் பகுதி வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்; அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் தேவையைக் குறைத்த பிறகு இதைச் செய்தால் 5 கிலோவாட் வேண்டிய வீட்டிற்கு 3 போதும். தகடு ஏறிவிட்டால் அதன் கீழே வெண்பூச்சு அடிப்பதும் கசிவை அடைப்பதும் பெரும்பாடு. ஆகையால் கூரை வேலை முந்த வேண்டும்.

பலர் அறியாத ஒன்றுண்டு. மின்கம்பத்தோடு இணைத்த சாதாரணச் சோலார் அமைப்பு, மின்தடை நேரும்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயாதிருப்பதற்கான காப்பு அது. தடை நேரத்திலும் வேண்டுமென்றால் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியே வேண்டும். மின்கலம் என்றதும் நம் ஊரின் பெருமை ஒன்று நினைவுக்கு வருகின்றது: அழகப்பச் செட்டியார் அவர்கள் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால், 1948இல் பண்டித நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1953இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கின்றது. மின்கல ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. அவ்வூர்க்காரர்களாகிய நாம் மின்கலத்திற்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றக்கூட மறந்துவிடுகின்றோம்!

பணத்திற்கு வருவோம். வங்கிகள் இதற்குக் கடன் தருகின்றன, ஆனால் வட்டியோடு. மார்க்கம் தடுத்ததைக் கொண்டு வீட்டைக் குளிர்விப்பதில் நமக்கு விருப்பம் இருக்க முடியாது. உலக அனுபவமும் ஒரு பாடம் தருகின்றது. இங்கிலாந்தில் 2013 ஜனவரியில் ‘கிரீன் டீல்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நிபுணர் வந்து வீட்டை ஆராய்ந்து அறிக்கை எழுதுவார். திருத்தும் செலவு வட்டிக் கடனாகக் கிடைக்கும். மின்கட்டணத்தோடு தவணை கட்ட வேண்டும். தவணை, எதிர்பார்க்கும் மிச்சத்தை விஞ்சலாகாது என்பது அதன் பொன்விதி. விதி நல்ல விதியே. ஆனால் வட்டியும் சிக்கலும் கண்டு மக்கள் ஒதுங்கினார்கள். 2015 ஜூலையில் அரசு அதற்கான நிதியை நிறுத்திக்கொண்டது. அந்தப் பொன்விதியை மட்டும் வட்டியின்றி நாம் எடுத்துக்கொள்ளலாமே! இவ்வாண்டு வெண்பூச்சும் இரண்டு விசிறியும். அதனால் மிஞ்சும் தொகையை வேறு செலவில் கலக்காமல் தனி உண்டியலில் இட்டு, அடுத்த ஆண்டு மற்ற விசிறிகளும் சன்னல் தட்டியும். அவை ஈட்டித் தருவதைச் சேர்த்து அதற்கடுத்து ஏ.சி.யோ சோலாரோ. ஜமாஅத்தின் பைத்துல் மால் அழகிய கடன் வழங்குமாயின் இவ்வரிசை இன்னும் விரைவுபடும்; சவூதியிலிருந்து வரும் மகனின் பணமும் ஒரே மூச்சில் கரைந்துபோகாது.

வேலையை ஒப்படைக்கும்போது வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள். என்ன பொருள், எந்த நிறுவனத்தது, எத்தனை கை பூச்சு, எத்தனை சதுர அடி, எத்தனை ஆண்டுப் பொறுப்பு, கசிந்தால் யார் சரிசெய்வது என்பன தாளில் ஏறி இருவர் கையொப்பமும் இருக்க வேண்டும். சோலார் தகட்டுக்கு 25 ஆண்டு என்று சொல்வார்கள். இன்வெர்ட்டருக்கு அதைவிட மிகக் குறைவு. இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். நெருங்கிய உறவினரே ஒப்பந்தக்காரராக இருந்தால் எழுதக் கூச்சப்படுகின்றோம். எழுதாமையால் முறிந்த உறவுகளை நான் நிக்காஹ் மஜ்லிஸ்களில் நிறையவே பார்த்திருக்கின்றேன். எழுதியதால் முறிந்ததைப் பார்த்ததில்லை.

வாரிசுகள் பலருக்குப் பாத்தியமான பூர்வீக வீடாயின் இன்னும் எச்சரிக்கை தேவை. ஒருவர் தம் கைப்பணத்தைப் போட்டுக் கூரையைத் திருத்திவிட்டுப் பின்னால் மற்றவர்களிடம் பங்கு கேட்பார். ‘நாங்கள் செய்யச் சொன்னோமா?’ என்று அவர்கள் மறுப்பார்கள். கூட்டுச் சொத்தில் அனுமதியின்றிச் செய்த செலவைத் திரும்பக் கோருவதில் சட்ட நுணுக்கங்கள் உண்டு. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். எவ்வாறாயினும், வேலைக்கு முன்பே பங்குதாரர்கள், சகோதரிகள் உட்பட, அனைவரின் சம்மதமும் எழுத்தில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

வேலை முடிந்த பின் நம்மவர்கள் ஏட்டை மூடிவிடுகின்றார்கள். உண்மையில் அப்போதுதான் அது திறக்கப்பட வேண்டும். அதே வெப்பமானியை அதே அறையில் அதே நேரத்தில் மாட்டி எழுதுங்கள். மின்கணக்கை ஒப்பிடும்போது சித்திரை–வைகாசியைச் சென்ற ஆண்டின் சித்திரை–வைகாசியோடு ஒப்பிட வேண்டும்; ஐப்பசியில் வேலை முடித்துவிட்டு மார்கழிக் கட்டணத்தைக் காட்டி ‘பாதியாகக் குறைந்துவிட்டது’ என்று மகிழ்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். இடையில் வெளிநாட்டிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தாலோ, வீட்டில் திருமணம் நடந்தாலோ அதையும் ஓரத்தில் குறியுங்கள். மிச்சமாகின்றது என்ற துணிச்சலில் இன்னோர் அறைக்கும் ஏ.சி. வைத்துவிட்டால் யூனிட் குறையாது. அப்போது குற்றம் கூரையுடையதன்று என்பதையும் ஏடு சொல்லும்.

பள்ளிவாசல் திண்ணையில் யாரேனும் ‘உங்கள் வீட்டில் போட்டீர்களே, எப்படி இருக்கின்றது?’ என்று கேட்டால் அந்த ஏட்டிலுள்ளபடியே சொல்லுங்கள். மூன்று டிகிரி குறைந்தால் மூன்று என்றே சொல்லுங்கள், பத்து என்னாதீர்கள். இரண்டாம் ஆண்டே பூச்சு உரிந்திருந்தால் அதையும் கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள். உங்கள் சொல்லை நம்பித்தான் அவர் தம் பிள்ளையின் ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து வைக்கப் போகின்றார். சாட்சியத்தை மறைப்பது உள்ளத்தின் பாவம் என்று திருமறை (2:283) சொல்வதை வழக்கு மன்றத்திற்கு மட்டும் உரியதாக நாம் ஒதுக்கிவிடலாகாது.

ஏட்டின் பக்கங்களைப் படமெடுத்து, பணம் அனுப்பிய மகனுக்கும் அனுப்பிவையுங்கள். அவருடைய பணம் உங்களிடம் அமானிதமாக வந்தது. அது எங்கே போயிற்று, எத்தனை யூனிட் குறைந்தது, உம்மா படுக்கும் அறையில் இரவு பத்து மணிக்கு இப்போது எத்தனை டிகிரி என்பதை அவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். அடுத்த கோடைக்கு எந்த வேலை, அதற்கு எவ்வளவு வேண்டும் என்பதை அதன் பிறகு இருவருமாகப் பேசிக்கொள்ளுங்கள்.